பார் பிடித்த மலை

ஸ்லே ஹெட் சாலையில், கடலைப் பார்த்தபடி வெள்ளைச் சிலுவைச் சிலை நிற்கும் வளைவு ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்தோ டப்ளினிலிருந்தோ யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய் இறக்கிவிடுவேன். ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே நுரைத்துக்கொண்டிருக்கும் அட்லாண்டிக், எதிரே பிளாஸ்கெட் தீவுகள், மறுபக்கம் பச்சைப்பசேலென்று ஏறிப்போகும் மலை. வந்தவர்கள் பேச்சில்லாமல் நிற்பார்கள். அப்போது நான் சொல்வேன்: "மனுஷன் கை படாத இடம் இது." எட்டு வருடங்களில் ஐந்து முறை அந்த வளைவில் நின்றிருக்கிறேன், ஐந்து முறையும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஏதோ என் சொந்த ஊரைக் காட்டுவது போல் பெருமையாக இருக்கும்.

போன செப்டம்பரில் அம்மா வந்தாள். அதற்கப்புறம் அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இத்தனை மாதமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதினால் ஒருவேளை தெளியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிங்கிள் தீபகற்பம் அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி மாவட்டத்தில் இருக்கிறது. நாங்கள் இருக்கும் லிமெரிக்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். டிங்கிள் ஊரில் கிளம்பி, தீபகற்பத்தின் மேற்கு முனையைச் சுற்றி, மறுபடி டிங்கிளிலேயே வந்து முடியும் வட்டம்தான் ஸ்லே ஹெட் சாலை. மொத்தமே 47 கிலோமீட்டர் சொச்சம். நிற்காமல் ஓட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்படி ஓட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடிகாரம் சுற்றும் திசையில் போவதுதான் வழக்கம். சுற்றுலா பஸ்கள் எல்லாம் அப்படித்தான் போகும். நீங்கள் எதிர்த்திசையில் போய் ஒரு வளைவில் பஸ்ஸுக்கு முன்னால் மாட்டினால், பாறைச் சுவரை உரசிக்கொண்டு நூறு மீட்டர் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். சாலை பல இடங்களில் ஒரு கார் அகலம்தான். எதிரே வருபவர் ஒதுங்கி வழிவிட்டால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி நன்றி சொல்ல வேண்டும். இந்த ஒற்றை விரலை நான் பழகிக்கொள்ளவே இரண்டு பயணம் ஆனது. இது ஐரிஷ் மொழி பேசும் பகுதி. சாலையில் மெதுவாகப் போ என்று எழுதியிருப்பதுகூட ஐரிஷில்தான். டிங்கிள் என்ற பெயரையே 2005-ல் சட்டப்படி எடுத்துவிட்டு ஐரிஷ் பெயரை மட்டும் வைத்தபோது, ஊர்க்காரர்கள் பலகைகளில் பழைய பெயரை ஒட்டி ஒட்டி வைத்து, ஓட்டெடுப்பு நடத்தி, கடைசியில் இரண்டு பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். அது தனிக் கதை.

நம் ஊர் போலவே இங்கும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஓட்டுபவர் வலது பக்கம், பக்கத்தில் உட்காருபவர் இடது பக்கம். கடிகாரத் திசையில் போனால் கடலும் இடது பக்கம் வரும். அதாவது நல்ல காட்சி எல்லாம் பக்கத்து சீட்டுக்காரருக்கு, ஓட்டுபவருக்கு மலையும் வேலியும்தான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அம்மா கடலைப் பார்க்கவில்லை

அம்மாவுக்கு 68 வயது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்க்காரி. உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டு என்னையும் அண்ணனையும் படிக்க வைத்தவள், இன்னும் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் விவசாயம் பார்க்கிறாள். அவளுக்கு மலையும் பனியும் குளிரும் புதிதல்ல. கடல்தான் அதிசயம். கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போனதைத் தவிர அவள் கடல் பார்த்தது கிடையாது. அதனால்தான் நான் மட்டும் ஒரு நாள் லீவு போட்டு, அவளை இடது சீட்டில் உட்கார வைத்து, கடல் நன்றாகத் தெரிய வேண்டுமென்று கண்ணாடியைக்கூடத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வென்ட்ரி தாண்டும்வரை சாலையின் இரு பக்கமும் ஃபியூஷியா வேலி. சிவப்பும் ஊதாவுமாகத் தலைகீழாகத் தொங்கும் பூ. ஐரிஷில் இதன் பெயருக்குக் கடவுளின் கண்ணீர் என்று பொருள். அம்மா பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள், கொடைக்கானலில் பங்களாக்களில் வைத்திருக்கும் பூ. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, இரண்டு ஊரிலும் வேர்பிடித்துவிட்டது. வேலி முடிந்ததும் கடல் திறந்தது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஐவெரா மலைகள், இன்னும் தள்ளி ஸ்கெல்லிக் பாறைகள் இரண்டு கூம்பாக. "அம்மா, அங்க பாரும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், அம்மா என்னைத் தாண்டி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பயம் என்று நினைத்தேன். இடது பக்கம் கண்ணுக்கு நேரே பாதாளம்தான், சின்னக் கல்சுவர் ஒன்றுதான் தடுப்பு. பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் போல என்று வேகத்தைக் குறைத்தேன். காலையிலிருந்து மேகம் மூடியிருந்த வானம் அப்போதுதான் மேற்கே கிழிந்தது. மணி ஆறு இருக்கும். சூரியன் சாய்ந்து, வெளிச்சம் மலையின் மேல் பக்கவாட்டில் விழுந்தது.

"வண்டிய நிப்பாட்டு பாப்பா."

"வாந்தி வருதாம்மா?"

"அதெல்லாம் இல்ல. அந்த மலையப் பாரு. பார் பிடிச்சிருக்காங்க."

டன்பெக் கோட்டைக்கு எதிரே வண்டி நிறுத்த இடம் உண்டு, அங்கே நிறுத்தினேன். இறங்கி, அம்மா காட்டிய திசையில் பார்த்தேன். ஐந்து முறை வந்திருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, ஒரு முறைகூட அதை நான் பார்த்ததில்லை.

பார் என்றால் கிழங்கு போட மண்ணைக் கூட்டி வரிசையாக எழுப்பும் மேடு. மலைச்சரிவு முழுக்கக் கோடுகள். சாணம் மெழுகிய தரையில் விரல் தடம் விழுந்திருக்குமே, அப்படி. மேலிருந்து கீழாக, பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு இடைவெளியில். ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். கல்சுவருக்குள் அடங்கிய சின்னச் சின்னத் துண்டுகளாக அது மேலே மேலே ஏறிப்போனது. ஆடுகள் நிற்கவே யோசிக்கும் உயரத்திலும் கோடு இருந்தது. அதன்மேல் ஒரே புல்தான், வேறு எந்தப் பயிரும் இல்லை. மதிய வெயிலில் பார்த்தால் வெறும் பச்சைத்துணி விரித்த மாதிரி இருக்கும், அப்படித்தான் நான் ஐந்து முறையும் பார்த்தேன். வெளிச்சம் சாயும்போதுதான் அந்தத் துணியின் நெசவு தெரிகிறது.

"இது உருளைக்குப் பிடிச்ச பார்தான்" என்றாள் அம்மா. அவளுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எண்ணினாள், அப்புறம் விட்டுவிட்டாள். "ஒரு வீட்டு வெள்ளாமை இல்ல இது. ஒரு ஊரே சேந்து போட்ருக்கு. எங்க அந்த ஊரு?"

துத்தம்

எனக்குப் பதில் தெரிந்தும் தெரியாத நிலை. பஞ்சத்தைப் பற்றி இங்கே இருக்கும் யாருக்குத்தான் தெரியாது? குடியுரிமைக்காகக் காத்திருந்த நாட்களில் வரலாறு படித்திருக்கிறேன். 1845-ல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் வந்தது, பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 80 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் 1851-ல் 65 லட்சம். இன்றுவரை இந்தத் தீவின் மொத்த மக்கள்தொகை அந்த 1841 அளவைத் தொடவில்லை. எண்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் நான் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருந்த மலையில்தான் அந்த எண்கள் எழுதியிருக்கின்றன என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அம்மாவுக்குச் சொன்னேன். அவள் எண்களைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறு கேள்வி இருந்தது. "சரிவுக்கு நேரா மேலயும் கீழயுமா பார் பிடிச்சிருக்காங்களே, ஒரு மழைக்கு மண்ணு பூரா அடிச்சிட்டுப் போயிருக்காதா? நாமன்னா குறுக்கால்ல பிடிப்போம்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, சாலைக்கு மேலே இருந்த கேட்டை மூடிக்கொண்டு ஒரு விவசாயி இறங்கி வந்தார். எழுபதை ஒட்டிய வயது, ரப்பர் பூட்ஸ், கூடவே காலை உரசிக்கொண்டு ஒரு நாய். வணக்கம் சொல்லி, என் அம்மா ஒரு சந்தேகம் கேட்கிறாள் என்றேன். கேட்டதும் அவர் அம்மாவை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "உங்கம்மா கிழங்கு போடுறவங்களா?" என்று கேட்டார். ஆமாம், மலை மேல் என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், நான் நடுவில் நின்று மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாலை ஓரத்துப் புல்லில் குனிந்து கையாலேயே செய்துகாட்டினார். புல்தரையை உழுவது கிடையாது. அதன் மேலேயே கடற்பாசியையும் சாணத்தையும் பரப்பி, விதைக்கிழங்கை வரிசையாக வைப்பார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் புல்லோடு சேர்த்து மண்ணைப் பெயர்த்து, புத்தகத்தை மூடுவது போல அதன்மேல் கவிழ்ப்பார்கள். பெயர்த்த இடம் வாய்க்கால் ஆகிவிடும். செடி வளர வளர வாய்க்காலிலிருந்து இன்னும் மண் எடுத்து அணைப்பார்கள். அடியில் புல்வேர் அப்படியே பின்னிப் பிடித்திருப்பதால் மண் அரிக்காது. இங்கே தண்ணீரைத் தேக்குவதல்ல பிரச்சினை, வடிப்பதுதான், வாய்க்கால் நேராகக் கீழே இறங்கினால்தான் கிழங்கு அழுகாது. அம்மா தலையாட்டினாள். "மண் அணைக்கிறது நம்ம மாதிரிதான்" என்றாள். கடற்பாசியை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டாள். கீழே கடற்கரையிலிருந்து, கூடையில், முதுகில், கழுதை வைத்திருந்தவர்கள் கழுதையில். அம்மா திரும்பிக் கடலை ஒரு பார்வை பார்த்தாள், மறுபடி மேலே கோடு முடியும் இடத்தை ஒரு பார்வை பார்த்தாள். அன்று அவள் கடலை உருப்படியாகப் பார்த்தது அப்போதுதான்.

ஆங்கிலத்தில் இந்தப் பாருக்குச் சோம்பேறிப் பாத்தி என்று ஒரு பெயர் உண்டு. உழாமல் போடுவதால் வந்த பெயர். இதையும் நான் சொல்லித் தொலைத்தேன். "யாரு சோம்பேறி?" என்றாள் அம்மா. குரல் நிஜமாகவே உயர்ந்துவிட்டது. "கடல்லருந்து அந்த உச்சி வரைக்கும் முதுகுல எரு சொமந்தவங்களையா சோம்பேறின்னு சொன்னாங்க?" அவருக்கு மாற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெயர் நாங்கள் வைத்ததில்லை, எங்களுக்கு இது வெறும் பார்தான் என்றார்.

அடுத்து அம்மா கேட்டதுதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. "துத்தம் அடிக்கலையா அவங்க?"

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. எங்கள் வீட்டில் பனியும் சாரலும் சேர்ந்து நான்கு நாள் நின்றால், விடிவதற்கு முன்பே அப்பா துத்தம் கரைக்க ஆரம்பித்துவிடுவார். பிளாஸ்டிக் டிரம்மில் அந்த நீலம் கரையும் நிறம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. துத்தத்துக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறி, செப்பு, நீல உப்பு என்று ஏதோ சொல்லவும், அவர் முகம் மலர்ந்துவிட்டது. நீலக்கல்! இங்கே அதற்கு நீலக்கல் என்றுதான் பெயர். அவருடைய தாத்தா நீலக்கல்லையும் சலவைச் சோடாவையும் பீப்பாயில் கரைத்து, ஹீத்தர் செடிக்கொத்தைத் தோய்த்து வரிசை வரிசையாகத் தெளிப்பாராம். சின்னப் பையனாக இருந்தபோது தாத்தாவின் சட்டையில் அந்த நீலக்கறை பார்த்திருக்கிறாராம். அம்மா தன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்காட்டி, எங்க வீட்டுலயும் எல்லாத் துணியிலயும் கறைதான் என்றாள். இதை மாற்றிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆனால் அந்த நீலம் கருகலைத் தடுக்கும் என்று பிரான்சில் கண்டுபிடித்தது 1880-களில். பஞ்சம் முடிந்து முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து. 1845-ல் கருகல் என்பது பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரின் வேலை என்றே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மின்னல், மூடுபனி, கடவுளின் கோபம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இந்த மலைகளில் போட்டிருந்ததும் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகம், மட்டமான மண்ணிலும் காய்க்கும், ஆனால் கருகலைத் தாங்காது. கூலி வேலை பார்த்த ஓர் ஆண் நாளைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கிழங்கு தின்றான், அதைத் தவிர வேறு சாப்பாடு அநேகமாகக் கிடையாது என்பது அதற்கு அர்த்தம். நல்ல நிலம் வாடகைக்கான தானியத்துக்கும் மாட்டுக்கும் போனது, கிழங்கு மலையேறியது. அந்த உச்சிக் கோடுகள் அப்படித்தான் வந்தவை.

"எந்த மாசம் விழுந்துச்சு கருகல்?" என்று அம்மா கேட்டாள்.

செப்டம்பர். 1845 செப்டம்பரில்தான் அந்தச் செய்தி அயர்லாந்தில் பரவ ஆரம்பித்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்ததும் செப்டம்பரில்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த நாத்தம் வருமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத் தெரியும் அந்த நாற்றம். நான் ஒன்பதாவது படித்தபோது மூன்றே ராத்திரியில் எங்கள் கிழங்குக் காடு முழுக்கக் கருகியது. இலையின் ஓரத்தில் எண்ணெய்க் கறை மாதிரி ஆரம்பித்து, அடியில் வெள்ளையாகப் பூத்து, மூன்றாம் நாள் காலையில் தண்டோடு சாய்ந்துவிட்டது. தோண்டினால் கிழங்கு கையிலேயே கூழாக வழியும். அந்த நாற்றம் வீட்டுக்குள் ஒரு வாரம் இருந்தது. அப்பா கடன் வாங்கினார், அம்மா அடுத்தவர் தோட்டத்தில் பூண்டு உரிக்கப் போனாள், என் ஸ்கூல் பீஸ் தள்ளிப்போனது. ஆனால் நாங்கள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. ரேஷன் கடையில் அரிசி இருந்தது. எனக்கும் இந்த மலையில் பார் பிடித்தவளின் மகளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அந்த அரிசி மட்டும்தான். 1847 கோடையில் அரசாங்கத்துக் கஞ்சித்தொட்டிகள் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேருக்கு ஊற்றின. முடியும் என்று காட்டினார்கள். இலையுதிர் காலம் வருவதற்குள் அதை மூடியும் விட்டார்கள். அத்தனை வருடமும் இந்த நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. இதைப் படித்தபோது வராத கோபம், அந்த மாலை அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றபோது வந்தது.

அவர் ஒன்று சொன்னார், அதையும் எழுதிவிட வேண்டும். எல்லாக் கோடும் பஞ்சத்துக் கோடல்ல. சில துண்டுகளில் அதற்குப் பிறகும் பல வருடம் கிழங்கு போட்டிருக்கிறார்கள், அவர் தாத்தாவே போட்டிருக்கிறார். எது எந்த வருடத்துப் பார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். மறுபடி யாராவது வெட்டியிருந்தால் பழைய கோடு அழிந்திருக்கும். கோடு இன்னும் நிற்கிறது என்றால், அந்தப் பாரைப் பிடித்த கை அதற்கப்புறம் திரும்பி வரவில்லை.

தரிசு

அங்கிருந்து கிளம்பும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஓடை ஒன்று சாலைக்குக் குறுக்கே ஓடும், அதற்குள் காரை இறக்கி ஏற்றி, சிலுவை வளைவை நிற்காமலே தாண்டினேன். நிறுத்தினால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தேன். குமினூல் கடற்கரைக்கு மேலே மட்டும் நின்றோம். எதிரே, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம், பெரிய பிளாஸ்கெட் தீவு. கரையைப் பார்த்த சரிவில் கூரையில்லாத வீடுகள் சாம்பல் புள்ளிகளாகத் தெரிந்தன. அம்மா கேட்டாள், அங்கேயும் யாரும் இல்லையா?

1916 வாக்கில் 176 பேர் இருந்த தீவு அது. கோயில் கிடையாது, கடை கிடையாது, டாக்டர் கிடையாது. தார் பூசிய துணிப் படகில் துடுப்புப் போட்டுத்தான் கரைக்கு வர வேண்டும். இளவட்டங்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா போனார்கள், மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் போய்ப் பலர் ஒன்றாகவே குடியேறினார்கள். 1946 கிறிஸ்துமஸுக்கு ஓர் இளைஞருக்குக் காய்ச்சல் கண்டது, மூளைக்காய்ச்சல். கடல் கொந்தளிப்பில் டாக்டரும் வர முடியவில்லை, பாதிரியாரும் வர முடியவில்லை. ஜனவரியில் இறந்துபோனார். அந்த 1947 ஏப்ரலில், புயலில் மாட்டிக்கொண்டோம், சாப்பிட ஒன்றும் இல்லை, உணவு அனுப்புங்கள் என்று பிரதமர் டி வலேராவுக்குத் தீவிலிருந்து தந்தி போனது. 1953 நவம்பர் 17 அன்று தீவைக் காலி செய்யத் தொடங்கினார்கள். அப்போது மிச்சமிருந்தவர்கள் 22 பேர். வெறும் இரண்டு கிலோமீட்டர். நான் சொல்லி முடித்ததும் அம்மா, "அங்கயும் பார் இருக்கும்" என்றாள். இருக்கிறது. பின்னால் படங்களில் தேடிப் பார்த்தேன், வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. கல்லரஸ் என்ற பழைய கல் வழிபாட்டிடத்துக்குப் போக நேரமில்லை. அம்மா பாதித் தூக்கத்தில், "நல்ல காட்டத் தரிசாப் போட்டுட்டாங்களே" என்று முனகினாள். அந்த ஒரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

இந்த மேற்குக் கடற்கரை நெடுக 2,500 கிலோமீட்டர் சாலைக்கு 2014-ல் வைல்ட் அட்லாண்டிக் வே என்று பெயர் வைத்துப் பலகை நட்டார்கள். வைல்ட் என்ற சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டு, மனுஷன் கை படாத இடம் என்று தமிழில் சொல்லிவந்திருக்கிறேன். கடலுக்கு அந்தச் சொல் பொருந்தும். மலைக்குப் பொருந்தாது. எங்கள் பக்கம் காட்டுக்குப் போகிறேன் என்றால் தோட்டத்துக்குப் போகிறேன் என்றுதான் அர்த்தம், காடு என்பதே வேலை நடக்கும் இடம். வேலை நின்றுபோனால் அதற்குத் தனிச் சொல் வைத்திருக்கிறோம்: தரிசு. அந்தச் சொல்லுக்குள் ஒரு காலத்தில் அங்கே இருந்த ஆளும் இருக்கிறான், அவன் போனதும் இருக்கிறது. அம்மா மூன்று எழுத்தில் சரியாகச் சொன்னதை நான் எட்டு வருடமாகத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சரி, அப்படியானால் அது அழகில்லையா? இதைத்தான் நான் மாதக்கணக்கில் மென்றுகொண்டிருந்தேன். அழகுதான். எனக்கு இன்னும் அந்தப் பச்சையைப் பார்த்தால் நெஞ்சு விரியத்தான் செய்கிறது. டன்பெக் கோட்டையின் ஒரு பகுதியை 2014 ஜனவரிப் புயல் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது, மிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது. அதையும் நாம் நின்று ரசிக்கத்தானே செய்கிறோம். இடிந்ததை ரசிப்பதில் தவறு இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆளே இல்லாததால் அழகு என்று சொல்வதுதான் உறுத்துகிறது. இங்கே ஆள் இல்லாமல் போனது மழை போலத் தானாக நடந்ததில்லை. அந்த விவசாயி அந்த மாலையில் ஒரு முறைகூட அழகு என்ற சொல்லைச் சொல்லவில்லை. மேலே எந்தத் துண்டு எந்தக் குடும்பத்துடையது என்று விரலால் சுட்டிச் சுட்டிக் காட்டினார். போய் நூற்றைம்பது வருடம் ஆனவர்களின் பெயரைப் பக்கத்து வீட்டுக்காரர் போலச் சொன்னார்.

மார்ச்

இந்த மார்ச்சில், செயின்ட் பேட்ரிக் நாள் விடுமுறைக்கு, என்னோடு வேலை பார்க்கும் இரண்டு குடும்பங்களை மறுபடி கூட்டிப்போனேன். ஃபியூஷியா வேலி இலையில்லாமல் குச்சியாக நின்றது. மலையில் பெரணி காய்ந்து துருப்பிடித்த நிறத்தில் கிடந்தது. இந்த முறை முதலில் கல்லரஸ் போனோம். கவிழ்த்த படகு போன்ற அந்தக் கல் வழிபாட்டிடத்தில் சுண்ணாம்பு கிடையாது, களிமண் கிடையாது. ஒவ்வொரு கல்லையும் வெளிப்பக்கம் லேசாகச் சரித்து அடுக்கியிருக்கிறார்கள், மழை வெளியே வழிந்துவிடும். நூற்றாண்டுகள் கடந்தும் உள்ளே ஈரமில்லை. பிள்ளைகள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் வழக்கத்துக்கு மாறாக நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு, டிங்கிளுக்குத் திரும்பி, நாலரை மணிக்கு டன்பெக் எதிரே வந்து நிறுத்தினேன்.

வானம் முழுக்க மேகம். மலை தட்டையாக இருந்தது. "சூப்பர் இடம்க்கா, ஒரு ஈ காக்கா இல்ல" என்றாள் தோழி. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்கலாம் என்றேன். எதற்கு என்று கேட்டார்கள். வெளிச்சத்துக்கு என்றேன். ஃபிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் குடித்தோம். பிள்ளைகள் பின்சீட்டில் சண்டை போட்டார்கள், ஒருத்தி தூங்கிப்போனாள். அம்மாவுக்குப் போன் போட்டேன், அங்கே ராத்திரி பத்து மணிக்கு மேல். எங்கே நிற்கிறேன் என்று சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "வெயில் சாஞ்சிருச்சா?"

இன்னும் இல்லம்மா என்றேன். அவள் போனை வைக்கவில்லை. அங்கே கருகலுக்கு இரண்டு தடவை அடித்தாகிவிட்டது, இந்த வருடம் விதைக்கிழங்கு விலை ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு மேல் மேற்கே மேகத்தின் அடி விளிம்பு மெல்ல வெளுத்தது. கடல்மேல் ஒரு பட்டை வெளிச்சம் விழுந்து, கரையேறி, சாலையைத் தாண்டி மலைமேல் போனது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையையும் எழுப்பி, எல்லோரையும் இறங்கச் சொன்னேன்.